டெல்டாவில் பெற்றோருக்கு முதியோர் இல்லம்: இடம் பார்ப்பதில் தொடங்கி மனு கொடுப்பது வரை

டெல்டா பக்கம் முதியோர் இல்லம் தேடுகிற பலருக்கு லீவு முடிய இன்னும் பத்து நாள்தான் இருக்கும். மகன் சிங்கப்பூரிலோ துபாயிலோ, மகள் சென்னையிலோ பெங்களூரிலோ. ஊரில் அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். டிஸ்சார்ஜ் ஆவதற்குள் ஒரு ஏற்பாடு செய்தாக வேண்டும். இந்த அவசரத்தில் முதலில் கண்ணில் படுவது கட்டடம், டைல்ஸ், தோட்டம், விளம்பரத் தாளில் சிரிக்கும் முகங்கள்.

கட்டடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். வாரம் ஒருமுறையாவது சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போய்ப் பார்க்க யார் இருக்கிறார்கள்? நிலமும் வீடும் பாஸ்புக்கும் யார் பேரில், யார் கையில் இருக்கப்போகின்றன? இந்த இரண்டும் சரியாக இருந்தால் சுமாரான இல்லத்தில்கூட ஒருவர் மரியாதையோடு இருந்துவிடலாம். இரண்டும் இல்லையென்றால் எவ்வளவு உயர்ந்த இல்லமாக இருந்தாலும் உத்தரவாதம் கிடையாது.

இல்லம் தேவைதானா?

குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வருவது, தானே சாப்பிடுவது, சிறுநீர் மலத்தை அடக்க முடிவது. மருத்துவர்கள் பார்க்கிற ஆறு விஷயங்கள் இவை. இதில் எதை அவரால் தனியாகச் செய்ய முடிகிறது, எதற்குக் கை பிடிக்க வேண்டும், எதை முழுதாக இன்னொருவர் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் மாத்திரை எடுப்பது, சமைப்பது, போன் பேசுவது, பணம் எண்ணுவது. ராத்திரியைத் தனியாக எழுதுங்கள். பகலில் சமாளிப்பவர்கள் பலர் ராத்திரி கழிவறைக்கு எழுந்து போகும்போதுதான் விழுகிறார்கள்.

திடீரென்று வந்த குழப்பத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று ஆள் தெரியாமல் பேசினால் அது மறதி நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை இறங்குவது, புதிதாகக் கொடுத்த மாத்திரை என எதுவும் காரணமாக இருக்கலாம். மெல்ல மெல்ல மந்தமாகிக்கொண்டு வந்தால் தைராய்டு, பி12 குறைபாடு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்த பிறகு ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு எடுக்கிற முடிவு பெரும்பாலும் கெட்ட முடிவாகவே இருக்கிறது.

நம் பழைய வீடுகளும் ஒரு காரணம். உயர்ந்த நிலைப்படி, பள்ளமான முற்றம், பாசி படிந்த கிணற்றடி, கொல்லைக்கோடியில் கழிவறை. அறையை ஒட்டி ஒரு கழிவறை, கைப்பிடி, இரவு விளக்கு, பகலுக்கு ஒரு ஆயா என்று செய்துவிட்டால் சிலருக்கு இல்லமே தேவைப்படாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் அதில் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

இதெல்லாம் போதாது என்றால் இல்லம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'ஊர் என்ன பேசும்' என்று பயந்து, பூட்டிய வீட்டில் அம்மாவைத் தனியே விட்டு, மூன்று வேளையும் கேரியரில் சாப்பாடு அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

அவரிடம் கேளுங்கள்

சட்டப்படி அவர் வயதுவந்த, சுய முடிவெடுக்கும் மனிதர். அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் கொண்டு போய் விட உங்களுக்கு உரிமை இல்லை. 'கோயிலுக்குப் போகலாம்' என்று காரில் ஏற்றி இல்லத்தில் இறக்கிவிடுவது நடக்கிறது. அதற்குப் பிறகு அவர் யாரையும் நம்புவதில்லை, இல்லத்துக்காரரையும் சேர்த்து.

பொதுவாகக் கேட்காமல் குறிப்பாகக் கேளுங்கள். தனி அறையா, பேச்சுத்துணையோடு பொது அறையா? ஊர்ப்பக்கமே இருக்க வேண்டுமா, பேரப்பிள்ளைகள் இருக்கும் ஊருக்கு வரத் தயாரா? எந்த உணவை விட முடியாது? மாட்டையும் குத்தகை நெல்லையும் யார் பார்ப்பது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்பதே இல்லை. அவர் மனதில் முதலில் ஓடுவது அதுதான். ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும், வீட்டைக் காலி செய்ய வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர வீடு இருக்கிறது என்ற தைரியத்தோடு போகிறவர் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்.

மறதி நோய் முற்றியவரிடமும் கேட்கலாம். இடத்தைக் காட்டி, ஒரு வேளை அங்கே சாப்பிடவைத்து, முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதுவும் பதில்தான்.

என்னென்ன வகை இருக்கிறது

ஆதரவற்றவர்களுக்கு அரசு உதவியோடும் அறக்கட்டளைகள் மூலமாகவும் நடக்கும் இலவச இல்லங்கள் ஒரு வகை. மாதக் கட்டணம் வாங்கும் தனியார் இல்லங்கள் இன்னொன்று. கும்பகோணம், தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் பக்கம் ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்புகளும் உண்டு. வீட்டை விலைக்கோ நீண்டகால வாடகைக்கோ எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் மாதாமாதம் கட்ட வேண்டும். நடமாட்டத்தோடு இருக்கும் தம்பதிக்கு அது பொருந்தும். ஆனால் படுக்கையில் விழுந்தால் அங்கே வைத்துக்கொள்வார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள், பலர் வைத்துக்கொள்வதில்லை. நான்காவது, படுத்த படுக்கையானவர்களையும் மறதி நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் இடங்கள். இவை நம் பக்கம் குறைவு. மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களை வைத்துப் பராமரிக்கும் இடம் என்றால், மாநில மனநல ஆணையத்தின் பதிவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்த வகையாக இருந்தாலும் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லத்துக்காரர் 'டிரஸ்ட் பதிவு இருக்கு சார்' என்பார். அறக்கட்டளையைப் பதிவு செய்வதும் முதியோர் இல்லத்தைப் பதிவு செய்வதும் வேறு வேறு. இல்லத்தின் பதிவுச் சான்றையே கேளுங்கள். எத்தனை பேருக்கு அனுமதி, எந்தத் தேதி வரை செல்லும் என்று படியுங்கள். கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள சமூக நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய், அந்த இல்லத்தின் மேல் புகார் ஏதும் உண்டா என்றும் கேட்டு வாருங்கள்.

தூரமும் தண்ணீரும்

நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், சித்தி மகன் மன்னார்குடியில் இருக்கிறான் என்றால், மன்னார்குடியில் இருக்கும் சாதாரண இல்லம் கோயம்புத்தூரில் இருக்கும் பிரமாதமான இல்லத்தைவிட நல்லது. அவன் சைக்கிளிலோ பைக்கிலோ எட்டிப்பார்க்கும் தூரம் என்பதே காரணம். உறவினர் யாரும் இல்லையா? பழைய மாணவர், எதிர்வீட்டுக்காரர், பள்ளிவாசலிலோ சர்ச்சிலோ கோயிலிலோ பழக்கமானவர் என்று ஒருவரிடம் பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். போக்குவரத்துச் செலவைக் கொடுத்துவிடுங்கள். 'சும்மா போய் பார்த்துட்டு வாங்க' என்றால் இரண்டு மாதத்தில் நின்றுவிடும்.

அடுத்தது ஆஸ்பத்திரி. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி வந்தால் எங்கே கொண்டு போவார்கள்? தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. தூரம் எவ்வளவு, 108 வந்து திரும்ப வழி அகலமா என்பதை நீங்களே அந்தச் சாலையில் போய்ப் பாருங்கள்.

மழையையும் கேளுங்கள். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. 2018இல் கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டாரங்களில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. வாய்க்கால் கரையோரம் வயலை மேடாக்கிக் கட்டிய இல்லம் கோடையில் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசியில் போய்ப் பாருங்கள், அல்லது பக்கத்து டீக்கடையில் 'கஜாவுக்கு இங்க எப்படி இருந்தது' என்று கேளுங்கள். இல்லத்தாரிடம் கேட்க வேண்டியவை: ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், இன்சுலினை எங்கே வைப்பார்கள், காற்று மெத்தையும் ஆக்சிஜன் இயந்திரமும் கரண்ட் போனால் என்ன ஆகும், நடக்க முடியாதவர்களை மாடிக்கோ முகாமுக்கோ யார் தூக்குவார்கள்.

போய்ப் பார்க்கும்போது

முதல் தடவை சொல்லிவிட்டுப் போகலாம். அடுத்த தடவை சொல்லாமல் போங்கள், ஞாயிற்றுக்கிழமையோ சாயங்காலம் ஏழு மணிக்கு மேலோ. நிர்வாகி இல்லாத நேரத்தில் அந்த இடம் எப்படி நடக்கிறது என்பதே அதன் உண்மையான தரம். உள்ளே விடமாட்டோம் என்று வாசலிலேயே நிறுத்தினால், அங்கேயே உங்கள் தேடலை முடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

அலுவலக அறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பேச்சை முடித்துவிடாதீர்கள். நேராகக் கழிவறைக்குப் போங்கள். தரை ஈரமா, கைப்பிடி இருக்கிறதா, கதவு உள்ளே சிக்கினால் வெளியிலிருந்து திறக்குமா? மூத்திர வாடை ஒரு மூலையில் அடிப்பது சகஜம். வீடு முழுக்க அடித்தால் ஆள் போதவில்லை என்று அர்த்தம். வீடு முழுக்க பினாயில் வாடை மட்டும் அடித்தாலும் நான் யோசிப்பேன்.

படுக்கையில் இருப்பவர்களைப் பாருங்கள், அவர்கள் அனுமதியோடு. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? கண்ணாடியும் காது மிஷினும் மாட்டியிருக்கிறார்களா, அல்லது பெட்டியில் கிடக்கிறதா? தானாகத் திரும்ப முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். புரட்டிய நேரத்தைக் குறித்துவைக்கும் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். நோட்டே இல்லை என்றால் புரட்டுவதும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ராத்திரி எத்தனை பேர் முழித்திருக்கிறார்கள் என்பது பகல் ஆள் கணக்கைவிட முக்கியம். 'நைட்டுக்கு ஆள் இருக்கு' என்பது பதிலாகாது. எத்தனை பேருக்கு எத்தனை ஆள், பெண்களைக் குளிப்பாட்டவும் டயப்பர் மாற்றவும் பெண் ஊழியர்தானா, கூப்பிட மணி இருக்கிறதா? மணியை நீங்களே அழுத்தி, யாராவது வருகிறார்களா என்று பாருங்கள்.

தீ விபத்து பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மண் இது. கீற்றுக் கொட்டகையும் ஒடுக்கமான படிக்கட்டும் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இருந்தும் முதியோர் இல்லங்களில் 'அவங்க வெளிய போயிடுவாங்க' என்று ராத்திரி வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேன் எடுத்துக்கொண்டு போவது உண்டு. சாவி எங்கே தொங்குகிறது, இரண்டாவது வழி எது, நடக்க முடியாதவர்களைக் கீழ்த்தளத்தில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பந்தியில் உட்காருங்கள். பல் இல்லாதவருக்குக் குழைய வேகவைத்துத் தருகிறார்களா, ஊட்டிவிட வேண்டியவருக்கு நேரம் ஒதுக்குகிறார்களா? நாகை, வேதாரண்யம் பக்கம் மீன் குழம்போடு வளர்ந்த மனிதரைச் சுத்த சைவ இல்லத்தில் சேர்த்துவிட்டு அவர் சாப்பிட மறுக்கிறார் என்று புலம்பிப் பயனில்லை. 'எங்க பழக்கவழக்கத்துக்கு ஒத்துவர்றவங்களா' என்று சில இடங்களில் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அது சாதி விசாரிப்புதான். இப்படிக் கேட்கிற இடம் உள்ளேயும் ஆள் பார்த்துத்தான் நடத்தும்.

கடைசியாக, அங்கே இருப்பவர்களில் ஒருவரோடு ஊழியர் காதில் விழாத இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். 'நல்லா இருக்கீங்களா' என்றால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் வரும். 'நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, கடைசியா எப்ப வெளிய போனீங்க, உங்க போன் எங்க இருக்கு' என்று கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். தங்கப்போகிறவர் படித்துப் பார்க்க வேண்டும், கையெழுத்தும் அவரே போட வேண்டும். மாதக் கட்டணத்தில் அடங்காதது எது என்பதில்தான் சண்டை வரும்: டயப்பர், தனி அட்டெண்டர், ஆம்புலன்ஸ், டாக்டர் பீஸ், பிசியோதெரபி. ஆண்டுக்கு எவ்வளவு உயர்த்துவார்கள்? டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும், இறந்துவிட்டால் யாரிடம் தருவார்கள்? ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் முழுக் கட்டணமா? எந்தக் காரணத்துக்காக வெளியேறச் சொல்லலாம், எத்தனை நாள் அவகாசம்? இறந்த பிறகு உடலை எங்கே வைப்பார்கள், யாருக்குத் தகவல், சடங்கு எந்த முறைப்படி? கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். இப்போது கேட்காவிட்டால் பிறகு துக்கத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டிவரும்.

'என்ன நடந்தாலும் இல்லம் பொறுப்பல்ல' என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 'நன்கொடை' என்று ரசீது போட்டு டெபாசிட் வாங்கினால் திரும்பக் கேட்கும்போது அது நன்கொடையாகவே இருந்துவிடும்.

நிலம், வீடு, பென்ஷன்

டெல்டாவில் பெரும்பாலான சண்டைகள் இங்கே தொடங்குகின்றன. 'கடைசி வரைக்கும் நான் பார்த்துக்கறேன்' என்ற வாய்ப்பேச்சுக்கு நஞ்சையைத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிட்டு, அடுத்த பொங்கலுக்கு வாசலில் நிற்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். செட்டில்மெண்ட் பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும், நினைத்தபோது திருப்பி எடுக்க முடியாது. உயில் அப்படியில்லை. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது. எனவே என் ஆலோசனை உயில்தான். எழுதிக்கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வாழ்நாள் முழுக்க அந்த வீட்டில் இருக்கவும் விளைச்சலை அனுபவிக்கவும் உரிமை தனக்கே என்பதையும், தன்னைப் பராமரிப்பது நிபந்தனை என்பதையும் பத்திரத்திலேயே எழுதவையுங்கள்.

ஏற்கெனவே எழுதிக்கொடுத்தாயிற்றா? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் 23ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. அடிப்படைத் தேவைகளைக் கவனிப்பது என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்துக்கு, வாங்கியவர் கவனிக்கவில்லை என்றால் அந்த மாற்றத்தை, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான பராமரிப்புத் தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கு இது பொருந்தும். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை மூத்தவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும், சொத்தைத் திரும்ப ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. இரண்டு மாதம் கழித்து நாகப்பட்டினத்திலிருந்து போன ஒரு வழக்கில், அன்பின் பேரில் மகனுக்கு எழுதிவைத்த பத்திரத்தில் நிபந்தனை வெளிப்படையாக இல்லாவிட்டாலும், பராமரிப்பார் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏற்று, பத்திரத்தை ரத்து செய்த ஆர்.டி.ஓ. உத்தரவை உறுதிசெய்தது. ஆக, வழி இருக்கிறது. ஆனாலும் பத்திரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்காது.

பவர் கொடுப்பது, அதாவது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக்கொடுப்பது பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பவர் பத்திரம், கொடுத்தவருக்கு மனத்தெளிவு இருக்கும்வரைதான் செல்லும். மறதி நோய் முற்றிய பிறகு அதை வைத்து நிலத்தை விற்பது தவறு. பவரை முடிந்தவரை குறுக்கி, வங்கி வேலைக்கு மட்டும், குத்தகை வசூலுக்கு மட்டும் என்று எழுதுங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். சர்வே எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால், தெரியாமல் ஏதாவது பத்திரம் பதிவாகியிருந்தால் புலப்படும்.

ஏடிஎம் கார்டும் அதன் ரகசிய எண்ணும் இல்லத்தாரிடம் போகக் கூடாது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை என்றாலும் அது அவருடைய பணம். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டு வாசலிலேயே வங்கிச் சேவை தர ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது, கிளையில் எழுதிக் கேளுங்கள். மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். எண்பது வயதானவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். தபால்காரர் இல்லத்துக்கே வந்து எடுப்பார். ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, காப்பீட்டு அட்டை எல்லாவற்றின் நகலை மட்டும் இல்லத்தில் கொடுங்கள். மூலம் அவரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ இருக்கட்டும். உயிலில் இல்லத்தாரையோ ஊழியரையோ சாட்சியாகப் போட வேண்டாம்.

உள்ளே போன பிறகும் அவர் குடிமகன்தான்

தன் உடுப்பைத் தானே தேர்ந்தெடுப்பது, தன் போனில் தனிமையில் பேசுவது, யாரைச் சந்திப்பது என்று முடிவெடுப்பது, வெள்ளிக்கிழமை நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ போய்வருவது, திரைமறைவில் குளிப்பது. இவை சலுகைகள் கிடையாது. 'பாதுகாப்புக்காக' என்று சொல்லி எல்லாவற்றையும் பிடுங்குகிற இடங்கள் உண்டு. கொஞ்சம் விழும் அபாயத்தோடு நடமாடுவதா, பத்திரமாகக் கட்டிலிலேயே கிடப்பதா என்பதைத் தெளிவாக இருக்கிறவர் தானே முடிவுசெய்யலாம்.

கட்டிவைப்பதை மட்டும் எந்தச் சமாதானத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதை அறவே தடைசெய்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு கருகியவர்களை மறந்துவிட முடியாது. சேலைத் துணியால் கட்டிலோடு கட்டுவதும், நாற்காலியில் பெல்ட் போடுவதும், தூக்க மாத்திரை கொடுத்து எப்போதும் மயக்கத்தில் வைப்பதும் அதே வகைதான். புதிய மாத்திரை எதைத் தொடங்கினாலும் யார் எழுதினார், எதற்கு என்று கேளுங்கள்.

எந்தச் சிகிச்சை வேண்டாம், கடைசி நேரத்தில் வென்டிலேட்டர் போடலாமா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க அவருக்கு உரிமை உண்டு. 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும்.

ஓட்டும் அவருடையது. 85 வயதைத் தாண்டியவர்கள் 12டி படிவம் கொடுத்து இருக்கும் இடத்திலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம்.

முதல் மூன்று மாதம், அவரைப் பார்க்கப் போய்வருகிறவர் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளட்டும். எடை, காயம் இருந்தால் எங்கே, பேச்சில் மாற்றம், புதிய மாத்திரை. எடை இறங்குவது, மேல்கையில் விரல் பதிந்த கன்றல், ஊழியர் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொள்வது, திடீரென்று 'எனக்கு ஒண்ணும் வேணாம்பா' என்பது, நகை காணாமல் போவது. இதில் ஒன்று தெரிந்தாலே அடுத்த ஞாயிறு வரை பொறுக்க வேண்டாம்.

புகார் எங்கே, எப்படி

சின்ன விஷயங்களை நிர்வாகியிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவையுங்கள், தேதி நிற்கும். சரியாகவில்லை என்றால் மாவட்ட சமூக நல அலுவலர். அங்கேயும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு. மூத்தோருக்கான உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் இந்த எண்ணில் பேசலாம். அடி, பட்டினி, பாலியல் சீண்டல், பணத்திருட்டு என்றால் நேராகக் காவல் நிலையம். காயத்தைப் படமெடுத்து, அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவுசெய்த பிறகு மற்றது.

கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்யாத இல்லத்தின் மீது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். இல்லத்துக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. டெபாசிட் திரும்ப வராத பலர் இந்த வழியை யோசிப்பதே இல்லை.

பிள்ளைகள் கட்டணத்தைக் கட்டாமல் ஒருவர் மேல் ஒருவர் சாட்டிக்கொண்டிருந்தால் அது ஆர்.டி.ஓ. தலைமையிலான பராமரிப்புத் தீர்ப்பாயத்துக்குப் போகிற விஷயம். தஞ்சை மாவட்டத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை. திருவாரூரில் திருவாரூர், மன்னார்குடி. நாகையில் நாகப்பட்டினம், வேதாரண்யம். மயிலாடுதுறையில் மயிலாடுதுறை, சீர்காழி என்று கோட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. மகன் சென்னையில் இருந்தாலும் பெற்றோர் வசிக்கும் கோட்டத்திலேயே மனு கொடுக்கலாம். அவரால் முடியாதபோது அவர் அங்கீகரிக்கும் வேறொருவரோ ஒரு அமைப்போ கொடுக்கலாம். மகன், மகள், வயதுவந்த பேரன் பேத்தி ஆகியோர் பொறுப்பாளிகள். மருமகனும் மருமகளும் அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளை இல்லாதவர், தன் சொத்தை அனுபவிக்கிற அல்லது அடையப்போகிற வாரிசிடம் கேட்கலாம். பராமரிப்புத் தொகையின் உச்ச அளவு மாதம் 10,000 ரூபாய். நோட்டீஸ் கொடுத்த 90 நாளில் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் 30 நாள் நீட்டிக்கலாம். இடைக்காலத் தொகையும் கேட்கலாம். வக்கீல் தேவையில்லை. உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் வரை சிறை உண்டு. தீர்ப்பு திருப்தி இல்லை என்றால் மூத்தவர் 60 நாளுக்குள் கலெக்டர் தலைமையிலான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு போன் நம்பரை மாற்றிக்கொள்கிறவர்களுக்கு: முழுதாகக் கைவிடும் நோக்கத்தோடு முதியவரை எங்கே விட்டுச் சென்றாலும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது.

மனுவை நீட்டாதீர்கள், ஒரு பக்கம் போதும். யார், வயது, எங்கே இருக்கிறார், என்ன நடந்தது தேதி வாரியாக, என்ன வேண்டும். ரசீது, ஒப்பந்தம், படங்களின் நகலை இணையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். உதவி எண் 15100.

இடம் மாற்றுவதென்றால்

ஒத்துவரவில்லை என்றால் இழுத்துக்கொண்டே போக வேண்டாம். அடுத்த இடம் உறுதியான பிறகு ஒப்பந்தப்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். பாக்கி இருக்கிறது என்று சொல்லி ஆளையோ அவர் பெட்டியையோ பிடித்துவைக்க எந்த இல்லத்துக்கும் உரிமை இல்லை. அப்படிச் செய்தால் 100க்கு அழையுங்கள். மருந்துப் பட்டியல், கடைசி ரத்தப் பரிசோதனை, டாக்டர் குறிப்பு, அவர் பெயரில் இருக்கும் மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கிளம்பும் அன்று அவரையே பக்கத்தில் உட்காரவைத்துப் பொருட்களைச் சரிபாருங்கள். சேர்த்தபோது எழுதிய பட்டியல் இருந்தால் வேலை சுலபம்: கண்ணாடி, பல்செட், காது மிஷின், மோதிரம், போன், சார்ஜர், வங்கிப் புத்தகம். மாத்திரைகளை அடுத்த ஒரு வாரத்துக்காவது கையோடு எடுத்துச் செல்லுங்கள். பென்ஷன் வரும் வங்கியிலும் தபால் நிலையத்திலும் புதிய முகவரியை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.